தேஜ்மாயாவின் திரிசூலக் காசு

தேஜ்மாயா உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் தெருவில் யாருமில்லை. சாப்பிடுவதே நின்றுகொண்டுதான். ஒரு கையில் அவல் தட்டு, மறு கை ஜன்னல் சட்டத்தில், கண் தெருவில். துக்க வீட்டுக்குப் போனாலும் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருப்பாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று ஊரே சொல்லும். ஊருக்கு என்ன தெரியும்? கல்யாணமாகி வந்த புதிதில் அவளும் மற்ற பெண்களைப் போலக் காலை நீட்டி உட்கார்ந்து முள்ளங்கி அரிந்தவள்தான். அந்தக் காலைக் கெடுத்தது ஒரு தங்கக் காசு. அதைத்தான் சொல்லப்போகிறேன், முடிகிற வரைக்கும் யாரும் குறுக்கே பேசாதீர்கள்.

காசு அவள் அம்மா போட்டது. அஷ்ரஃபி என்போம். ஒரு பக்கம் சதுரத்துக்குள் திரிசூலம், அதைச் சுற்றி கீர்வாண யுத்த மகாராஜாவின் பெயர். மறுபக்கம் பூவிதழ்களுக்கு நடுவே பவானியின் பெயர். பவழச் சரத்தின் நடுவில், நகம் மாதிரி மடக்குப் பிடி வைத்த வளையம் ஒன்றுக்குள் அது இருக்கும். நகத்தை நிமிர்த்தினால் காசு தனியே கையில் வந்துவிடும். கல்யாணத்தன்று அதைக் கழுத்தில் போட்டுவிட்டு அம்மா, "இது உன்னோடது. உன் புருஷனோடதும் இல்ல, மாமியாரோடதும் இல்ல. இது உன் கழுத்துல இருக்கற வரைக்கும் நீ யாரையும் நம்பிப் பொழைக்க வேண்டியதில்ல" என்றாள். மூன்றாம் மாதம் அம்மா போய்விட்டாள். அதற்கப்புறம் அந்தக் காசுதான் தேஜ்மாயாவுக்குத் தாய்வீடு.

கணவன் ஹர்க்கமான் ராஜாவின் பெயரால் நாட்டை ஆண்ட ராணா வம்சத்து ஜெனரல் ஒருவரின் அரண்மனையில் தானியக் களஞ்சியக் கணக்கன். நல்ல மனுஷன், ஆனால் தொடைநடுங்கி. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. வருஷாவருஷம் தசைன் பண்டிகை முடிந்ததும் பஜனி வரும். யாருக்கு வேலை நீடிக்கிறது, யாருக்குச் சீட்டுக் கிழிகிறது என்று அரண்மனையிலிருந்து ஓலை வருகிற நாள் அது. காரணம் கேட்க முடியாது. நேற்று வரை பல்லக்கில் போனவன் இன்று அவல் கூடை தூக்குவான். அந்த ஊரில் உத்தியோகம் பார்த்த எவனுக்குத்தான் தொடை நடுங்காது?

தசைன் திலக நாளில் உத்தியோகஸ்தர்கள் எல்லோரும் ஜெனரல் முன்னால் வரிசையில் போக வேண்டும். இரண்டு உள்ளங்கையிலும் வெள்ளைக் கைக்குட்டையை விரித்து, அதன் மேல் ஓர் அஷ்ரஃபியை வைத்து, குனிந்து நீட்ட வேண்டும். கிழட்டு ஜெனரல் காசை இரண்டு விரலால் தொடுவார், நெற்றியில் திலகம் வைப்பார், அவ்வளவுதான். காசு கைக்குட்டையோடு வீட்டுக்குத் திரும்பிவிடும். திரும்பி வருகிற காசு என்பதால் குட்டிக் கணக்கன்கூடத் தங்கத்தைத்தான் நீட்டுவான். எல்லாம் பெண்டாட்டிமார் கழுத்துக் காசுகள். காலையில் கழற்றிக் கொடுப்பார்கள், மத்தியானம் திரும்ப மாட்டிக்கொள்வார்கள். அந்த அரை நாள் தேஜ்மாயாவுக்கு அடுப்படியில் இருப்புக் கொள்ளாது. இருந்தாலும் அது அரை நாள் தவிப்புத்தானே, பொறுத்துக்கொண்டாள்.

அப்புறம் கிழவர் போய்ச் சேர்ந்தார். மகன் ஜெனரல் ஆனான். கல்கத்தாவில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவன், சிரிக்கவே மாட்டான்.

அந்த வருஷம் தசைன் தொடங்கிய அன்று, தெருக்கோடிக் கல்தாரையில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அரண்மனைத் தையற்காரனின் பெண்டாட்டி வந்தாள். வரும்போதே வாயில் சேதி இருந்தது.

"எங்க வீட்டுக்காரரு ராத்திரி பகலா பை தைக்கறாரு. சிவப்பு வெல்வெட்டு. வாய்க்கு ஜரிகைக் கயிறு. இவ்வளவு பெரிசு" என்று கையை விரித்தாள்.

"பை எதுக்குடி?"

"எனக்கென்ன தெரியும்? திலகத்தன்னிக்கு ஜெனரல் நாற்காலி பக்கத்துல வைக்கறதுக்காம்."

தொட்டுத் திருப்பிக் கொடுக்கிற காசுக்குப் பை எதற்கு? அதைத் தையற்காரன் பெண்டாட்டியிடம் கேட்க வேண்டியதில்லை. பாதி நிரம்பிய குடத்தோடு ஒவ்வொருத்தியாகக் கிளம்பிவிட்டார்கள். தேஜ்மாயா குடத்தையே விட்டுவிட்டு வந்தாள்.

வந்ததும் ஹர்க்கமானிடம், "இந்த வருஷம் நீங்க போகாதீங்க. காய்ச்சல்னு சொல்லி அனுப்பிடலாம்" என்றாள்.

அவனுக்கும் பைச் சேதி வந்திருந்தது. ஹூக்காக் குழாயை வாயிலிருந்து எடுக்காமல் தலையை ஆட்டினான். "போன வருஷம் குதிரை லாயக் கணக்கர் வயித்துப்போக்குன்னு வரல. இப்ப அவர் என்ன பண்றாரு? சந்தையில பட்டாணி வறுத்து விக்கறாரு."

"வெறுங்கையோட போங்க."

"வெறுங்கையோட போறதுக்கு நான் ஆத்துல விழுந்துடலாம்."

"அது என் காசு."

"தெரியும்டி." குழாயைக் கீழே வைத்தான். "உன் காசுதான். நான் பிடுங்கிக்கிட்டுப் போக மாட்டேன். நீயா குடுத்தாத்தான். ஆனா எனக்கு வேற வழி ஒண்ணும் தெரியல தேஜு."

பிடுங்கியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இவன் கெஞ்சுகிறான். கெஞ்சுகிற மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது? மேலே அடுப்படிக்கு ஏறினாள், கீழே இறங்கினாள், மறுபடி ஏறினாள். குழந்தைகளுக்குச் சோறு போட மறந்துவிட்டாள். விடிந்ததும் லட்சுமி பூஜைப் பெட்டியைத் திறந்து, அதிலிருந்து ஒரு வெள்ளி மோகரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று புறப்பட்டாள்.

ஆற்றைத் தாண்டி பாட்டன் என்கிற ஊருக்குப் போனாள். அண்ணன் வீட்டு வாசலைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. நேரே விக்கிரகங்களுக்குத் தங்க முலாம் பூசும் பேகாராஜ் வீடுதான். கீழ்த்தளம் முழுக்கக் கரிப்புகை. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அவர் குமுட்டி முன் குந்தியிருந்தார்.

அவள் பக்கம் திரும்பாமலே, "என்ன வேணும்?" என்றார்.

மோகரை நீட்டினாள். அஷ்ரஃபியை அடித்த அதே அச்சில் அடித்த வெள்ளிக் காசு அது. அதே திரிசூலம், அதே ராஜா, அதே பவானி. நிறம்தான் வேறு.

"இதுக்கு முலாம் பூசணும். குழந்தை கழுத்துக்கு."

பேகாராஜ் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் முகத்தையும் பார்த்தார். "குழந்தைக்கா?"

"ஆமா."

"தங்கத்தைவிட வெள்ளி கொஞ்சம் தடிமனா இருக்கும். விரலால தடவினாத் தெரியும். குழந்தை தடவாதே?"

"தடவாது."

"அப்ப சரி. திலகத்துக்கு முந்தின நாள் வா." மறுபடி குமுட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு, "இந்த வருஷம் குழந்தைங்க மேல எல்லாருக்கும் பாசம் பொத்துக்கிட்டு ஊத்துது. எனக்கு மூச்சு விட நேரமில்ல" என்றார். பண்டிகை நாளில் வேலை அதிகம் என்று சலித்துக்கொள்கிறார் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். நினைக்கவாவது அவளுக்கு எங்கே பொறுமை? வீடு வந்து சேருகிற வரைக்கும் யாரோ பின்னால் வருகிற மாதிரியே இருந்தது.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜோகமாயா வந்தாள். அவள் கணவன் லோகபக்தனும் அதே களஞ்சியத்தில்தான் வேலை, ஹர்க்கமானுக்கு ஒரு படி கீழே. ஜோகமாயாவுக்குச் சூது வாது தெரியாது. உப்புத் தீர்ந்தாலும் தேஜ்மாயாவிடம்தான் வருவாள், உயிர் போகிற விஷயமானாலும் அவளிடம்தான் வருவாள்.

"அக்கா, பை விஷயம் கேட்டியா? அந்தக் காசை என் பொண்ணு கல்யாணத்துக்குன்னு வச்சிருக்கேன். நீ என்ன பண்ணப்போற?"

தேஜ்மாயா நினைத்தால் முலாம் விஷயத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் ஜோகமாயாவுக்குச் சொன்னால் லோகபக்தனுக்குத் தெரியும். லோகபக்தன் ஐலாச் சாராயம் குடித்தால் ஊருக்கே தெரியும். ஹர்க்கமானுக்குக்கூடச் சொல்லாத ரகசியம் அது.

"என்ன பண்றது? குடுத்துட வேண்டியதுதான்" என்றாள். "காசு என்னடி காசு? புருஷன் வேலைதான் பெரிசு."

"அப்படியா சொல்ற?"

"ஆமா. நானும் குடுக்கத்தான் போறேன்."

ஜோகமாயா கழுத்துக் காசை ஒரு தரம் தடவிக்கொண்டாள். "நீயே குடுக்கும்போது எனக்கென்ன வந்தது? சரி அக்கா." வந்ததற்கு ஒரு பிடி உப்பும் வாங்கிக்கொண்டு போனாள்.

திலக நாளன்று ஹர்க்கமான் வெள்ளைக் கைக்குட்டையை விரித்தான். தேஜ்மாயா முலாம் காசை அதன் நடுவில் வைத்தாள். அவன் காசைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. இந்த மடையன் காசைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துக் கண்டுபிடித்துவிட மாட்டானா என்றுகூட அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது.

மத்தியானம் திரும்பினான். நெற்றியில் பெரிய திலகம், கையில் வெறும் கைக்குட்டை. ஜெனரல் யாருடைய காசையும் கையால் தொடவில்லையாம். பக்கத்தில் நின்ற ஆள் ஒவ்வொரு கைக்குட்டையிலிருந்தும் காசைப் பைக்குள் கவிழ்த்துக்கொண்டே போனானாம். கிணற்றில் கல் போட்ட மாதிரி சத்தமாம்.

"உன் அம்மா காசைத் தொலைச்சுட்டேன் தேஜு" என்று சொல்லிவிட்டு அந்த மனுஷன் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதான். அழுது முடித்ததும் ஹூக்காவை எடுத்துக்கொண்டு போய்ப் பரணில் போட்டான். "இதோட புகையிலைக்கு முழுக்கு. மிச்சம் பிடிச்சு உனக்கு ஒரு அஷ்ரஃபி வாங்கிப் போடற வரைக்கும் தொட மாட்டேன்."

நிஜக் காசு அப்போது அரிசிப் பானைக்குள் இருந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் இவன் முகமே காட்டிக்கொடுத்துவிடும். நாளைக்கே அரண்மனையில் நின்று திருதிருவென்று விழிப்பான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பஜனி வந்தது, ஹர்க்கமானுக்கு வேலை தப்பியது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த சேதி வந்தது. தசைன் காசு முழுவதையும் உருக்கி, எங்கள் தெரு அஜிமா அம்மனுக்குத் தங்கக் கிரீடம் செய்து சாத்தப்போகிறாராம் ஜெனரல். ஊரே புகழ்ந்தது. தேஜ்மாயா மட்டும் புகழவில்லை. உருக்கினால் வெள்ளி வெளியே வந்துவிடுமே! யாருடைய காசு என்று நோண்டினால் ஹர்க்கமானின் வேலை மட்டுமா போகும்? அம்மனுக்கே போலிக் காசு கொடுத்தவள் என்று தெரு காறித் துப்பாதா? வாசலில் குளம்புச் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடினாள். உட்கார்ந்தால் எழுந்து ஓடத் தாமதமாகுமே என்று நிற்க ஆரம்பித்தது அப்போதுதான்.

கிரீடம் செய்கிற வேலை பேகாராஜுக்குப் போயிருக்கிறது என்று தெரிந்ததும் விழுந்தடித்துக்கொண்டு பாட்டனுக்கு ஓடினாள்.

"என்ன, குழந்தை சௌக்கியமா?" என்றார் அவர்.

"பெரியவரே, என்னைக் காப்பாத்துங்க. அந்தப் பையில..."

"பையில என்ன இருக்குன்னு எனக்கும் தெரியும், அம்மனுக்கும் தெரியும். ரெண்டு பேரும் வாயத் திறக்கப் போறதில்ல. போ, போய் அடுப்பைப் பாரு."

கிரீடம் வந்தது. அம்மன் தலையில் தகதகவென்று மின்னியது. ஒரு குறையும் யாரும் சொல்லவில்லை. அத்தனை தங்கத்துக்கு நடுவில் தன் வெள்ளித் துண்டு ஒன்றைப் பெரியவர் எப்படியோ மறைத்துவிட்டார் என்று தேஜ்மாயா நம்பினாள். அம்மன் முன்னால் நின்று கும்பிடும்போது மட்டும் அவளால் கிரீடத்தைப் பார்க்க முடியவில்லை, பாதத்தைப் பார்த்தே கும்பிட்டாள்.

காசைக் காப்பாற்றியாயிற்று. அப்புறம் என்ன? கழுத்தில் போட முடியுமா? ஜெனரல் பைக்குள் போன காசு பெண்டாட்டி கழுத்துக்கு எப்படி வந்தது என்று கேட்க மாட்டார்களா? அரிசிப் பானையிலிருந்து ஊறுகாய்ச் சாடிக்கு மாற்றினாள். சாடியிலிருந்து கூரை ஓட்டுக்கு அடியில். மழை வந்ததும் எடுத்துத் தலையணைக்குள் தைத்தாள். எங்கே வைத்தாலும் போய்ப் போய்த் தொட்டுப் பார்த்தாள். கழுத்தில் இருந்தபோது அவளைத் தாங்கிய காசு, ஒளிந்துகொண்ட பிறகு அவளை விரட்டியது. ஹர்க்கமானோ சாப்பாட்டுக்கு அப்புறம் வெறும் வைக்கோலைக் கடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். புகையிலை வாசனை தெருவில் போனால் மூக்கை நீட்டிப் பின்னாலேயே பார்ப்பான். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவள் மாடிக்கு ஓடுவாள்.

அதைவிடக் கொடுமை ஜோகமாயா. நிஜக் காசைக் கொடுத்தும் இரண்டே வருஷத்தில் லோகபக்தனுக்குச் சீட்டுக் கிழிந்தது. பெண்ணைத் தங்கமில்லாமல் கட்டிக்கொடுத்தாள். சம்பந்தி வீட்டார், "உங்க பக்கமெல்லாம் கழுத்துக்கு வெறும் கயிறுதான் போடுவாங்களோ?" என்று பந்தியிலேயே கேட்டார்கள். தேஜ்மாயா அந்தக் கல்யாணத்துக்குப் பித்தளைத் தவலை, செப்புக் குடம், பட்டுத் துணி என்று தகுதிக்கு மீறிச் சுமந்துகொண்டு போனாள். "எதுக்கு அக்கா இவ்வளவு?" என்று ஜோகமாயா கட்டிக்கொண்டபோது, பந்தியைக் கவனிக்கிறேன் என்று கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டாள். அன்றைக்கு அவள் நடந்த நடைக்கு ஊர் எல்லையே வந்திருக்கும்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஹர்க்கமானுக்குத் தலை நரைத்தது. அஷ்ரஃபி விலை ஏறிக்கொண்டே போனதால் அவன் சேமிப்பு அதை எட்டிப் பிடிக்கவே இல்லை. கடைசியில் ஒரு மாசி மாதம் ராணா ஆட்சியே கவிழ்ந்தது. ஜெனரல் குடும்பத்தோடு இந்தியாப் பக்கம் போய்விட்டார். இனிமேல் பஜனி கிடையாது என்றார்கள். ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை.

அடுத்த மாதம் பஹான் சஹ்ரே பண்டிகை வந்தது. அம்மன்களையெல்லாம் பல்லக்கில் தூக்கிக்கொண்டு ஊர் கூடும் நாள். அன்று காலை தேஜ்மாயா தலையணையைப் பிரித்தாள். காசை வளையத்துக்குள் வைத்து நகத்தை அழுத்தினாள். பவழச் சரத்தைப் போட்டுக்கொண்டு போய் ஹர்க்கமான் முன்னால் நின்றாள்.

அவன் அவல் மென்றுகொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். வெகுநேரம் காசையே பார்த்தான்.

"அன்னிக்கு நான் குடுத்தது?"

"வெள்ளி. முலாம் பூசினது."

"அப்ப இது எங்க இருந்தது?"

"நீங்க தலை வச்சுப் படுத்தீங்களே, அதுக்குள்ள."

அவன் முகம் சிவந்தது. அடிக்கத்தான் எழுகிறான் என்று நினைத்தாள். "அடிப்பாவி!" என்று கத்தினான். "இத்தனை வருஷமா நான் வைக்கோலைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேனேடி!" பரணில் ஏறி, தூசியும் ஒட்டடையுமாக ஹூக்காவைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு அழுகை வந்தது.

இருவரும் தெருவுக்கு வந்தார்கள். மேளம் நெருங்கிக்கொண்டிருந்தது. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு தேஜ்மாயா நிமிர்ந்தபோது, எதிரில் தலைமைக் கணக்கரின் பெண்டாட்டி நின்றாள். அவள் கழுத்தில் அஷ்ரஃபி. பக்கத்தில் லாயத்துக்கு அப்புறம் வந்த கணக்கரின் வீட்டம்மா. அவள் கழுத்திலும் அஷ்ரஃபி. காவல் சுபேதார் பெண்டாட்டி, கஜானாக்காரர் மருமகள், எல்லார் கழுத்திலும் திரிசூலம். ஒருத்தி கழுத்தை ஒருத்தி பார்த்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டார்கள், அப்புறம் கையை எடுத்துவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

"நீயுமாடி?" என்றாள் தலைமைக் கணக்கரின் பெண்டாட்டி.

"நீங்களுமா?"

"பேகாராஜ் கிட்டயா?"

"வேற யாரு கிட்ட?"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்தப் பக்கம் ஆண்கள் கூட்டத்தில் ஹர்க்கமான் ஒருவன்தான் ஏமாந்தவன் என்றில்லை. ஒருவர் பெண்டாட்டிக்காக ஐலாவை விட்டிருந்தார், இன்னொருவர் எருமைக்கறியை விட்டிருந்தார். தேஜ்மாயாவும் சிரித்தாள். இத்தனை வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. ஓரத்துக் கல்லில் கொஞ்சம் உட்காரலாமா என்றுகூட நினைத்தாள்.

அப்போதுதான் ஜோகமாயாவைப் பார்த்தாள். கழுத்தில் கருமணிச் சரம் மட்டும். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசியில் அவள் கண் தேஜ்மாயாவின் கழுத்தில் வந்து நின்றது.

"அக்கா, நீ குடுக்கப் போறேன்னு சொன்னியே."

சிரிப்பு நின்றுவிட்டது. தேஜ்மாயா பவழச் சரத்தைக் கழற்றி ஜோகமாயாவிடம் நீட்டினாள். "எடுத்துக்கோ. உன் காலில வேணும்னாலும் விழறேன். எடுத்துக்கோடி."

ஜோகமாயா அதைத் தொடவில்லை.

"என் பொண்ணு கல்யாணம் முடிஞ்சாச்சு. இனிமே எனக்கு எதுக்கு?"

மேளம் காதைப் பிளந்தது. பல்லக்கு தெருமுனை திரும்பி வந்தது. தூக்குகிறவர்கள் தோளில் அஜிமா ஆடி ஆடி வந்தாள், தலையில் கிரீடம் வெயிலில் மின்னியது. ஜோகமாயா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அஷ்ரஃபி போட்ட அத்தனை பேரையும் முழங்கையால் விலக்கினாள்.

"தள்ளிக்கோங்க. அம்மன் தலையில இருக்கற தங்கம் என்னோடது மட்டும்தான். நான் கிட்டப் போய்ப் பாக்கணும்."

எல்லோரும் வழி விட்டார்கள்.